ஆமைத்திட்டின் தென்னை மரங்கள்

கலியனுக்குக் கடல் என்றால் பயம். இந்த விஷயம் டெல்லியில் அவருடைய மனைவி இந்திராணி ஒருத்திக்குத்தான் தெரியும். வெளியே சொல்லக்கூடிய பதவியில் அவர் இல்லை. தீவு நல இயக்ககத்தில் சிறு தீவுகள் பிரிவுக்கு அவர்தான் பிரிவு அலுவலர். எந்தத் தீவில் எத்தனை பேர் இருக்கிறார்கள், என்ன தொழில் செய்து என்ன தின்கிறார்கள், அங்கே காற்றும் மண்ணும் தண்ணீரும் எப்படி இருக்கின்றன என்று நாடாளுமன்றத்தில் யாராவது எழுந்து கேட்டுவிட்டால், பதில் கலியனின் மேசையிலிருந்துதான் கிளம்பிப் போகும். அலுவலகத்தில் அவருக்கு ‘டாப்பூ சாப்’ என்று பெயர். டாப்பூ என்றால் இந்தியில் தீவு.

சொந்த ஊர் அரியலூர்ப் பக்கம். முந்திரிக்காடும் சோளக்கொல்லையும் சிமென்ட் ஆலைப் புழுதியுமாகக் கிடக்கிற ஊர். அங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் பஸ் மாறி பஸ் மாறிப் போக வேண்டும். அந்தத் தெருவில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர் கலியன். பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த படத்தை அவர் அப்பா கண்ணாடி போட்டு, சாமி படங்களுக்கு ஒரு சாண் மேலே மாட்டினார். சாமிகள் யாரும் டிகிரி வாங்கவில்லை என்பது அவர் கட்சி. மத்திய அரசுத் தேர்வு எழுதி, வேலை கிடைத்து, டெல்லிக்கு வந்து இறங்கியபோது கலியனுக்கு இந்தியில் ‘ஹாஞ்ஜி’, அதாவது ஆமாங்க, என்ற ஒரு சொல்தான் தெரியும். ஆளைப் பிரித்துப் போடுகிற அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மதராஸ் பக்கமா என்று கேட்டார். ஹாஞ்ஜி. அப்படியானால் கடலோரம்தானே என்றார். ஹாஞ்ஜி. தீவு வாழ்க்கையெல்லாம் நன்றாகத் தெரிந்திருக்குமே என்றார். அதற்கும் ஹாஞ்ஜிதான். அன்றைக்குப் போட்ட நாற்காலியில்தான் முப்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறார்.

அரியலூர் மண்ணைத் தோண்டினால் சங்கும் சிப்பியும் கல்லாகிக் கிடக்கும். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் அங்கே கடல் இருந்தது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே அந்த அதிகாரி கணக்கு முழுத் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. கடல் கிளம்பிப் போன தகவல் டெல்லிக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இந்த முப்பது வருஷத்தில் கலியன் ஒரு தீவையும் பார்த்ததில்லை. தீவுக்குப் போகிற பயணங்களுக்கெல்லாம் மேலதிகாரிகள் இருந்தார்கள். அவர்களும் பெரிய தீவில் விருந்தினர் மாளிகை வரைக்கும் போய், வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டு, கண்ணுக்கு எட்டிய சின்னத் தீவுகளைத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கலியனை யாராவது அனுப்பியிருந்தாலும் அவர் போயிருக்க மாட்டார். இந்தியா கேட் பக்கத்துக் குட்டையில் மகள் கவிதாவுக்காக ஒருமுறை பெடல் படகில் ஏறி, பாதித் தண்ணீரிலேயே வாந்தி எடுத்த மனுஷன் அவர்.

ஆமைத்திட்டு அவர் கையில் சிக்கியது வேலைக்குச் சேர்ந்த புதிதில். ராமநாதபுரத்துக் கடலுக்குள் கிடக்கிற ஒரு சின்னத் தீவு. அதிலே ஜனங்கள் என்ன செய்து பிழைக்கிறார்கள் என்று ஒரு கேள்வி வந்தது. சாயங்காலத்துக்குள் பதில் போக வேண்டும். மாவட்டத்துக்கு போன் கிடைக்கவில்லை. கலியன் நிமிர்ந்து பார்த்தார். எதிர்ச் சுவரில் ஒரு வங்கிக் காலண்டர் தொங்கியது. அதில் நீலக் கடல், வெள்ளை மணல், வளைந்து நின்ற ஒரு தென்னை மரம். தீவு என்றால் தென்னை இல்லாமலா இருக்கும்? மக்களின் முக்கிய வாழ்வாதாரம் தென்னை சாகுபடி, அடுத்தபடியாக மீன்பிடிப்பு என்று எழுதி மேலே அனுப்பினார். மந்திரி அதைப் படித்தார். அன்றிலிருந்து ஆமைத்திட்டில் தென்னை மரங்கள் முளைத்துவிட்டன.

அரசாங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருமுறை எழுதிவிட்டால் மறுவருஷமும் அதையே எழுதுவார்கள். கூடுதலாக, ‘மேலும் முன்னேற்றம் கண்டுள்ளது’ என்று ஒரு வாலைச் சேர்ப்பார்கள். ஆமைத்திட்டின் தென்னை வருஷா வருஷம் மேலும் முன்னேற்றம் கண்டது. முன்னேறுகிற தென்னைக்குத் திட்டம் வேண்டாமா? கயிறு திரிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியாளர் தீவில் போய் இறங்கி, நாரைத் தேடிப் பார்த்துவிட்டு, மறுவாரம் கரையிலிருந்து மூட்டையில் நார் கொண்டுபோய்ப் பாடம் நடத்தினார். மரம் ஏறும் இயந்திரம் இரண்டு போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, தென்னை விளைபொருளைக் கரைக்குக் கொண்டுவர வாரம் ஒருமுறை போய்வரும்படி ஒரு படகு போடப்பட்டது.

மரம் ஏறும் இயந்திரம் போய்ச் சேர்ந்த வாரத்தில் கலியனின் மேசை போன் அடித்தது. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்துப் பேசுகிறாளாம். ஆமைத்திட்டு மகளிர் சங்கத் தலைவி, பேர் வள்ளி.

“அண்ணே, மரம் ஏறுற மிஷினு ரெண்டு வந்து எறங்கியிருக்கு. நல்லா இருக்கு. மரம் எப்ப வரும்?”

கலியன் போனைப் பொத்திக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. ஒரு மரம்கூட இல்லையா என்று கேட்டார். பனை நிற்கிறது, உடை மரம் நிற்கிறது, தென்னைக்கு எங்கே போவது என்றாள் வள்ளி. குடிக்கிற தண்ணீரே மணலில் ஊற்றுத் தோண்டித் தேங்காய்ச் சிரட்டையில் கோரித்தான் எடுக்கிறார்களாம். அந்தச் சிரட்டையும் கரையில் வாங்கியதாம்.

கலியனுக்கு வேர்த்துவிட்டது. திருத்தி எழுதிவிடுகிறேன் தாயே, தப்பு நடந்துபோச்சு என்றார். வள்ளி இடைமறித்தாள்.

“திருத்துனா படகு?”

படகு தென்னைக்காக வந்தது. தென்னை இல்லையென்றால் படகும் இல்லை. வருகிற படகில் ஒரு தேங்காயும் ஏறியதில்லை. ஆனால் போகும்போது அதில் குடிதண்ணீர் டிரம்கள் போயின. அரிசியும் மண்ணெண்ணெயும் பள்ளிக்கூட டீச்சரும் போனார்கள். திரும்பும்போது காய்ச்சல்காரர்களும் பிள்ளைத்தாச்சிகளும் வந்தார்கள். தீவில் இருநூறு பேருக்குச் சற்றுக் குறைவு. அத்தனை குறைந்த ஜனத்துக்கு அரசு விதிப்படி படகும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. தண்ணீர் கேட்டு அவர்கள் போட்ட மனுவை, ஜனத்தொகை போதாது என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பியதே கலியன்தான். ஜனங்களுக்கு இல்லாத தகுதி தேங்காய்க்கு இருந்தது.

“நீங்க எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டும்ணே,” என்று சொல்லிவிட்டு வள்ளி போனை வைத்தாள். மரம் ஏறும் இயந்திரங்கள் இரண்டும் நல்ல கனம். வள்ளங்களுக்கு நங்கூரமாக இன்றைக்கும் உழைக்கின்றன.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷமாக இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்வார்கள். மேலிடத்திலிருந்து ஏதாவது கேள்வி வந்தால் கலியன் முன்கூட்டியே சொல்லிவிடுவார். படகு இரண்டு வாரம் தொடர்ந்து வராவிட்டால் வள்ளி கூப்பிடுவாள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததில்லை. இந்திராணிக்கு முதலில் சந்தேகமாக இருந்தது. வராந்தாவில் நின்றுகொண்டு, ரகசியக் குரலில், ‘காய்ப்பு எப்படிம்மா காட்டறது’ என்று ஒரு பெண்ணிடம் பேசுகிற புருஷனை எந்தப் பெண்தான் நம்புவாள்? ஒருநாள் போனைப் பிடுங்கித் தானே பேசினாள். அன்றிலிருந்து வள்ளி இந்திராணிக்குத்தான் முதலில் போன் பண்ணுவாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கே வந்தார் மெஹ்ரா. புது இயக்குநர். நேர்மையானவர் என்று பேர். அதனாலேயே எல்லோருக்கும் கிலி. காகிதத்தில் உள்ளதை நம்பமாட்டேன், ஜனங்களின் வாயால் கேட்பேன் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். ஒவ்வொரு தீவிலிருந்தும் ஒருத்தரை டெல்லிக்கு வரவழைக்க வேண்டும். தை மாதத்தில் ஒரு கருத்தரங்கு. மக்கள், வாழ்வாதாரம், சுற்றுச்சூழல் என்று தலைப்பு. திட்டத்துக்குத் தகுதியில்லாத தீவு எது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். தகுதியில்லாத தீவுக்கு ஏப்ரல் முதல் எதுவும் போகாது. ஆமைத்திட்டின் படகு அந்தக் கூட்டத்தில் நிற்கப்போகிறது அல்லது ஓடப்போகிறது.

காகிதத்தை நம்பாத ஆளிடம் காகிதத்தில் மட்டுமே நிற்கிற மரத்தை எப்படிக் காட்டுவது? கலியனுக்கு இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை.

வள்ளி வந்த ரயில் பனிமூட்டத்தில் பாதி நாள் தாமதம். துணைக்கு அனுப்பிய மாவட்ட ஊழியர், தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஆக்ராவிலேயே இறங்கிவிட்டாராம். இந்திராணி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன ஸ்வெட்டரையும் சால்வையையும் போட்டுக்கொண்டு, ஓலைப்பெட்டி ஒன்றை இடுப்பில் அணைத்தபடி வள்ளி வெளியே வந்தாள். நாற்பதைத் தாண்டிய பெண். உப்பும் வெயிலும் தின்ற முகம். விரல் நுனிகளெல்லாம் வெட்டுக்காயம் ஆறி ஆறித் தடித்துப்போயிருந்தன. கலியனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, குரலை வைத்து இன்னும் கொஞ்சம் தடிமனான ஆளாக நினைத்திருந்ததாகச் சொன்னாள்.

ஓலைப்பெட்டியில் கருவாடு. கலியன் குடியிருந்த மோதி பாக் குவார்ட்டர்ஸில் இந்திராணி அதைப் பிரியமாக வறுத்ததும், மாடி வீட்டுக்காரர் கீழே இறங்கி வந்து, கேஸ் கசிகிறதா என்று கவலையோடு விசாரித்தார். எதிர்வீட்டு அம்மாள் மறுநாள் காலையில் ஊதுவத்திக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். டாப்பூ சாப் வீட்டில் மீன் வாசம் வருவது அதுதான் முதல் தடவை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. கலியன் ஆட்டுக்கறி ஜாதி. மீனென்றால் முள்ளை நினைத்தே பயப்படுவார்.

சாப்பிட்டு முடித்ததும் வள்ளி விஷயத்துக்கு வந்தாள். தென்னையைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொடுங்கள் என்றாள். கலியன் இந்திராணியைப் பார்த்தார். இந்திராணி கலியனைப் பார்த்தாள். அவர்கள் ஊரில் கோயில் குளத்தோரம் இரண்டு மரம் நின்றதாக ஞாபகம். அதில் யாரும் காய் பறித்துப் பார்த்ததில்லை.

“தட்டிப் பாத்தா முத்தலா எளசான்னு சொல்லிடுவேன். அதுவும் கரோல் பாக் கடையில வச்சாத்தான்,” என்றாள் இந்திராணி. “மரத்துல அது எப்படிக் காய்க்குதுன்னா எனக்கு என்னாங்க தெரியும்?”

கடைசியில் கவிதாவின் செல்போன்தான் கைகொடுத்தது. தென்னை வளர்ப்பைப் பற்றி யாரோ எடுத்துப் போட்ட படங்களை ஒவ்வொன்றாக ஓட்டினாள். டெல்லியில் பிறந்து வளர்ந்தவள், தமிழ் படிக்க வராது. ஆகவே கீழே ஓடிய ஆங்கில எழுத்தைப் படித்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். தென்னையை வளர்க்காத ஒரு தீவுக்காரி, கடலைப் பார்க்காத ஒரு தீவு அதிகாரி, தமிழைப் படிக்காத ஒரு தமிழ்ப்பெண். மூன்று பேரும் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு காண்டாமிருக வண்டைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள்.

“ஆன்ட்டி, உங்க ஐலண்ட்ல இந்த பீட்டில் பிராப்ளம் இருக்கா?” என்று கேட்டாள் கவிதா.

“மரமே இல்ல தாயி. வண்டு எதுல போயி உக்காரும்?”

“அச்சா. அப்ப பீட்டில் ப்ராப்ளம் இல்லைன்னே சொல்லிடலாம். அது ஜூட்டும் இல்ல.”

ஜூட் என்றால் பொய். பெண் தன்னைப் போலவே அரசாங்க வேலைக்குத் தேறிவிடுவாள் என்று கலியனுக்கு அந்தக் கவலையிலும் ஒரு நிம்மதி. எப்போது நடுவது, எத்தனை வருஷத்தில் காய்க்கும், எந்த மாதத்தில் என்ன உரம் என்று வள்ளி எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அந்தத் தோப்பு பிடித்துப்போய்விட்டது. நல்ல காற்று வருமிடமாகப் பார்த்து மனதுக்குள்ளே நட்டும் வைத்திருந்தாள்.

கருத்தரங்கு மேடையின் பின்னால் பெரிய திரை ஒன்று கட்டியிருந்தார்கள். நீலக் கடல், வெள்ளை மணல், வளைந்த ஒரு தென்னை மரம். மெஹ்ராவுக்கு இடப்பக்கம் ஸ்ம்ருதி உட்கார்ந்திருந்தாள். ஆலோசகராகப் புதிதாக வந்த பெண். கரோல் பாக் தமிழ்க் குடும்பம், தாத்தா காலத்திலிருந்தே டெல்லி. இந்தி தெரியாதவர்களுக்கு மொழிபெயர்ப்பவர் கலியன்தான். ஆனால் கூடத்தில் இன்னொரு தமிழ்க் காது இருப்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. வள்ளி மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டால் பிரச்சினை இல்லை. மாற்றிச் சொன்னால், அதை இவர் மாற்றி மொழிபெயர்த்தால், அந்தப் பெண் பிடித்துவிடுவாள்.

வள்ளியின் முறை வந்தது. மெஹ்ரா எழுதி வைத்திருந்த கேள்விகளை ஒதுக்கிவிட்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள், உங்கள் ஒரு நாளை மனதிலிருந்து சொல்லுங்கள் என்று இந்தியில் கேட்டார். கலியன் அதைத் தமிழில் சொன்னார். சொல்லும்போதே, மரத்தை ஞாபகம் வைத்துக்கொள் என்று கண்ணைக் காட்டினார்.

ஆனால் வள்ளியிடம் அவள் வாழ்க்கையைப் பற்றி இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. உரமும் வண்டும் ஒரே நொடியில் பறந்துபோயின.

“விடியமுன்ன எந்திரிச்சிருவோம். தண்ணி வத்துற நேரம் பாத்துக் கடல்ல எறங்குவோம். கையில துணியச் சுத்திக்கிருவோம், பாறை கிழிச்சுரும்ல. முங்கி முங்கிப் பாசி பறிப்போம். மூச்சு எம்புட்டு நேரம் நிக்கிதோ அம்புட்டுத்தான் எங்களுக்குக் கூலி.”

எல்லோரும் கலியனைப் பார்த்தார்கள். கலியன் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு இந்தியில், விடியும் முன்பே எழுந்து நல்ல நேரம் பார்த்து மரம் ஏறுவார்கள், மட்டை கிழிக்காமல் இருக்கக் கையில் துணி சுற்றிக்கொள்வார்கள், மூச்சு எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு உயரம் ஏறுவார்கள் என்றார். மெஹ்ரா ஆச்சரியத்தோடு தலையாட்டினார்.

காற்று அடித்தால் கடலில் இறங்க முடியாது, அன்றைக்கு அடுப்பும் எரியாது என்றாள் வள்ளி. காற்று அடித்தால் மரம் ஏற முடியாது, அடுப்பும் எரியாது என்றார் கலியன். பாசியை வியாபாரி எடுத்துப்போகிறார், அவர் சொல்வதுதான் விலை என்றாள் அவள். தேங்காயை வியாபாரி எடுத்துப்போகிறார், அவர் சொல்வதுதான் விலை என்றார் இவர். போகப்போக வேலை சுலபமாகிவிட்டது. பாசி என்று வருகிற இடத்தில் தேங்காயைப் போட்டால் போதும். மற்றபடி வியாபாரி, விலை, முழங்கால் வலி, பிள்ளைகளின் படிப்பு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. எந்தப் பண்டத்தை வைத்துச் சொன்னாலும் அந்தக் கதை அப்படியே பொருந்தியது. அரியலூர் முந்திரியை வைத்தாலும் பொருந்தியிருக்கும்.

பிறகு வள்ளி படகைப் பற்றிப் பேசினாள். குரல் இறங்கிவிட்டது.

“படகு வந்தாத்தான் எங்களுக்குத் தண்ணி. என் நாத்தனா மக பாதிக் கடல்ல அந்தப் படகுலதான் பொறந்தா. அது நின்னுபோச்சுன்னா நாங்க கரைக்கு வந்துருவோம். கரையில எங்களுக்கு எடமில்ல. அப்புறம் தீவுல ஆளில்லன்னு எழுதிக்கிருங்க.”

கலியன் இதை மாற்றவில்லை. ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், பாதிக் கடல் என்றதைப் பாதிக் கடல் என்றே இந்தியில் சொன்னார்.

மெஹ்ரா பென்சிலை உருட்டியபடி ஸ்ம்ருதியிடம் திரும்பினார். உனக்குத் தமிழ் தெரியுமே, இவர் சொன்னதெல்லாம் சரிதானா என்று கேட்டார்.

ஸ்ம்ருதி கலியனைப் பார்த்தாள். வள்ளியைப் பார்த்தாள். கலியன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“பில்குல் சஹி, சார்,” என்றாள். ரொம்பச் சரி.

அவ்வளவுதான், மெஹ்ராவுக்குப் பொங்கிவிட்டது. மெஹ்ராவின் வீட்டுப் பால்கனியில் முப்பது தொட்டிச் செடிகள் உண்டு. தண்ணீர் ஊற்றாமல் சுற்றுலாப் போகமாட்டார். வாரம் ஒருமுறை வருகிற தண்ணீரில் இந்தத் தென்னைகள் எப்படிப் பிழைக்கின்றன என்று கேட்டார். கலியன் தலை குனிந்து நின்றார். அதை மெஹ்ரா வேதனை என்று எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷம் மரங்களைத் தாகத்தோடு விட்டுவைத்திருக்கிறோம், வெட்கக்கேடு என்றார். படகு இனி வாரத்துக்கு இரண்டு நடை. அதோடு பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்றை இழுத்துப்போக வேண்டும். புதிதாக ஆயிரம் தென்னங்கன்று. மாதாமாதம் கன்றுகளின் படம் வர வேண்டும். எல்லாம் அங்கேயே, அந்த மேசையிலேயே உத்தரவாயிற்று. இரண்டு மனுவால் நகராத தண்ணீர், ஆயிரம் கன்றுகளின் பேரில் ஒரு நிமிஷத்தில் நகர்ந்தது.

தேநீர் வேளையில் ஸ்ம்ருதி சமோசாத் தட்டோடு கலியன் அருகே வந்தாள். தாங்க்ஸ்மா என்றார் கலியன். எப்படிப்பட்ட உதவி செய்தாய், எங்கள் ஜனங்கள் உன்னை மறக்கமாட்டார்கள் என்று ஆரம்பித்தார். அவள் குழம்பிப் போனாள்.

“அங்கிள், ப்ளீஸ், யார்கிட்டயும் சொல்லாதேங்கோ. அந்த லேடி பேசினது ஒரு வேர்டுகூட எனக்குப் புரியலை. ஆத்துல ‘சாப்டியா, தூங்கினியா’க்கு மேல தமிழ் கிடையாது. பயோடேட்டால ஃப்ளூயன்ட்னு போட்டுட்டேன். எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது?”

யாரிடமும் சொல்வதில்லை என்று கலியன் சத்தியம் செய்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால் தானும் இப்படி ஒரு நாற்காலியின் முன் நின்றது அவருக்கு ஞாபகம் வந்ததா என்று தெரியவில்லை. அவர் சமோசாவைத் தின்றார்.

வெளியே புல்வெளியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த வள்ளியிடம் போய், வாரம் இரண்டு நடை, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள்.

“அண்ணே, நான் சொன்னதெல்லாம் அப்படியே சொன்னீகளா?”

“படகப் பத்திச் சொன்னத அப்படியே சொன்னேன்மா.”

“மத்தது?”

“மரத்து மேல ஏத்திவுட்டுட்டேன்.”

வள்ளி முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அப்படியானால் தான் கடலில் முங்குவது இந்த ஊரில் யாருக்கும் தெரியாதா என்று கேட்டாள். தெரியாது என்றார் கலியன். அவள் தடித்த விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் போல அவருக்கு இருந்தது. ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

ஆடி மாதம். டெல்லியில் மழை பிடித்திருந்த ஒரு முற்பகலில் வள்ளியின் போன் வந்தது. இந்திராணியிடம் பேசிவிட்டுத்தான் அலுவலகத்துக்குப் போட்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டி தவறாமல் வருகிறதாம். ஜனங்கள் வயிறு நிறையக் குடிக்கிறார்களாம், பிள்ளைகள் குளிக்கக்கூடச் செய்கிறார்களாம். கரைக்குப் போய் வாடகை வீட்டில் இருந்த நாலு குடும்பம் திரும்பி வந்துவிட்டதாம். ஜனத்தொகை கூடியிருக்கிறது என்று கலியன் மனதுக்குள் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டார். கன்றுகளைக் கேட்டார். உப்புக்காற்றில் முக்கால்வாசி கருகிவிட்டது, மிச்சம் நிற்கிறது என்றாள். நிற்பதற்கு நிறையத் தண்ணீர் ஊற்றினால் பிடித்துக்கொள்ளும் போலிருக்கிறது. ஊற்றட்டுமா, வேண்டாமா?

கலியன் எழுந்து கதவைச் சாத்தினார். திட்டத்தின் விதிகளை அவர் கரைத்துக் குடித்திருந்தார். கன்றுகள் எல்லாம் செத்தால் திட்டம் தோல்வி, தண்ணீர் உடனே நிற்கும். எல்லாம் தழைத்து மரமானால் தீவு தன்னிறைவு பெற்றுவிட்டது என்று அர்த்தம், அப்போதும் தண்ணீர் நிற்கும்.

“சாவவும் வுடாதீங்கம்மா,” என்றார் மெதுவாக. “ரொம்பத் தழையவும் வுடாதீங்க. உசுரு மட்டும் நிக்கிற அளவுக்கு ஊத்துங்க.”

“அது எங்களுக்குத் தெரியும்ணே. எங்களயும் அப்படித்தான வச்சிருக்கீக.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் படகின் சங்கு ஊதியது. தண்ணீர் வந்துவிட்டது, வரிசைக்குப் போக வேண்டும் என்று அவள் வைத்துவிட்டாள்.

சற்று நேரத்தில் வாட்ஸ்அப்பில் அந்த மாதத்துப் படம் வந்தது. கணுக்கால் உயரத்துக்கு ஒரு தென்னங்கன்று, இரண்டு பச்சை ஓலை. அதற்குப் பின்னால் கடலோரம் நெடுகப் பிளாஸ்டிக் குடங்கள், குடங்களுக்குப் பின்னால் பெண்களும் பிள்ளைகளும். பியூன் உள்ளே எட்டிப் பார்த்து, மெஹ்ரா சாப் படம் கேட்கிறார், ஜல்தி என்றான். கலியன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கன்று மட்டும் தெரியும்படி குடங்களையும் ஆட்களையும் ஓரமாக வெட்டிவிட்டுப் படத்தை மேலே அனுப்பினார்.